எல்லார்க்கும் திறந்த வாயில்: பல்கலைக்கழக இணையத்தளமும் மாற்றுத்திறனாளரும்



இலக்கணம், இலக்கியம், மொழி வரலாறு ஆகியவை பற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டுப் பழகிய இவ்வவைக்கு இன்றைய தலைப்புச் சற்றே புதுமையாகத் தோன்றலாம். பல்கலைக்கழகங்கள் தம் இணையத்தளங்களை மாற்றுத்திறனாளர் பிறர் துணையின்றித் தாமே பயன்படுத்துமாறு அமைக்க வேண்டும் என்பது, கணினித் துறையாரும் சட்ட வல்லுநரும் பேச வேண்டிய பொருள் என்று சிலர் கருதக்கூடும். இஃது அடிப்படையில் மொழி சார்ந்த சிக்கல் என்பதே நம் கருத்து. ஓர் இணையப் பக்கத்தில் நாம் காணும் எழுத்து உண்மையில் எழுத்துத்தானா, எழுத்தைப் போலத் தோன்றும் படமா என்ற வினாவில் இச்சிக்கல் தொடங்குகிறது. அதற்கு விடை காணும் கடமை மொழியாசிரியர்க்கும் உண்டு.

வாயில் இடம் மாறிவிட்டது

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர்ப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பிய மாணவர், பதிவாளர் அலுவலகத்தில் படிவம் பெற்று, நிரப்பி, அஞ்சலில் அனுப்பினார். பாட அட்டவணை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. ஐயம் ஏற்பட்டால் கேட்பதற்கு ஓர் எழுத்தர் இருந்தார். பார்வையற்ற மாணவர் ஒருவர் வந்தால் அவ்வெழுத்தரே படிவத்தை வாசித்து, அவர் சொல்லச் சொல்ல நிரப்பித் தந்ததும் உண்டு.

இன்று அந்த எழுத்தரும் இல்லை, அந்தப் பலகையும் இல்லை. விண்ணப்பம், கட்டணம், பாடப் பதிவு, விடுதி, நூலகம், விரிவுரைக் குறிப்பு, ஒப்படைப்பு, தேர்வு முடிவு ஆகிய அனைத்தும் இணையத்தளத்திற்கு நகர்ந்துவிட்டன. கல்லால் எழுப்பிய கட்டடத்தின் வாயிலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைக்க வேண்டும் என்பதை இப்போது எவரும் மறுப்பதில்லை. மாணவர் முதன்முதலில் தட்டும் வாயிலோ இணையத்தளமாகிவிட்டது. அவ்வாயிலுக்குச் சாய்தளம் உண்டா என்று கேட்பவர் குறைவு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலக மக்களில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடல் அல்லது உளக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர். இணையத்தளம் என்றவுடன் பார்வையற்றோரே நினைவுக்கு வருகின்றனர். எனினும் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர், செவிப்புலன் குன்றியவர், கை நடுக்கத்தால் சுட்டியைப் பிடிக்க இயலாதவர், எழுத்துகளைக் கோத்து வாசிப்பதில் இடர்ப்படும் கற்றல் குறைபாடு உடையவர், மின்னி மறையும் காட்சியால் வலிப்பு வரக்கூடியவர் ஆகிய அனைவரும் இவ்வட்டத்துக்குள் அடங்குவர்.

நம்மிடம் முதுகலை பயின்ற பார்வையற்ற மாணவி ஒருவரைப் பற்றி இங்கே கூறுவது பொருந்தும். வெண்பாவை ஒருமுறை செவியால் கேட்டே தளை தட்டும் இடத்தைச் சுட்டும் ஆற்றல் வாய்ந்தவர் அவர். ஆயினும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பாடப் பதிவுக்குத் தம் தோழியை நாட வேண்டியிருந்தது. தளத்தினுள் நுழைவதற்குமுன், வளைந்து நெளிந்த எழுத்துகள் கொண்ட ஒரு படத்தைப் பார்த்துத் தட்டச்சிட வேண்டும். அதற்கு ஒலி வடிவ மாற்று ஏதும் தரப்படவில்லை. ஆகவே தம் கடவுச்சொல்லைத் தோழியிடம் ஒப்படைத்தார். ஒரு பருவத்தில் பாடக் குழு எண் மாறிப் பதிவாயிற்று. திருத்தம் செய்வதற்கான நாள் கடந்த பின்னரே அது தெரிய வந்தது. அப்பாடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்ததால் பட்டம் பெறுவதும் அரையாண்டு தள்ளிப்போயிற்று. காலம் வீணானதைக் காட்டிலும் அவரை வருத்தியது வேறொன்று. தம் தேர்வு மதிப்பெண்ணை ஒவ்வொரு முறையும் தாம் அறியுமுன் மற்றொருவர் அறிந்தார் என்பதே அது. நட்பில் குறையில்லை, தோழி நல்லவரே. ஆயினும் பிறர் நல்லவராக இருந்தால் மட்டுமே ஒருவர் கற்க முடியும் என்ற நிலையை ஒரு கல்வி நிறுவனம் உண்டாக்கலாமா?

செவியால் படிப்பது எவ்வாறு?

பார்வையற்றோர் கணினியைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் பயன்படுத்துகின்றனர். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக மாற்றும்; பிரெயில் கருவியை இணைத்தால் விரலால் தொட்டு உணரும் புள்ளிகளாகவும் மாற்றும். முன்னர் இத்தகைய மென்பொருள்கள் பெரும் விலையுடையனவாக இருந்தன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே என்னும் பார்வையற்ற இளைஞர் இருவர் உருவாக்கிய ‘என்விடிஏ’ என்னும் திரைவாசிப்பான் 2006ஆம் ஆண்டு தொடங்கி இலவசமாகக் கிடைத்து வருகிறது. அதனுடன் வரும் குரல் தொகுப்பில் தமிழும் இடம்பெற்றுள்ளது. கருவி இல்லை என்ற காரணத்தை இனி நாம் சொல்வதற்கில்லை.

கண்ணுடையோர் ஒரு பக்கத்தை முழுவதும் படிப்பதில்லை. தலைப்புகளை நோட்டமிட்டு வேண்டிய இடத்தில் நிற்பர். திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோரும் அவ்வாறே செய்கின்றனர். ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவர். மற்றொரு விசையால் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பர். தலைப்பு ‘தலைப்பு’ என்றே குறிக்கப்பட்டிருந்தால்தான் இது நடைபெறும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கியதோடு நிறுத்திவிட்டால் கண்ணுக்கு அது தலைப்பாகத் தோன்றும். செவிக்கோ மற்றுமொரு வரியே. படிவத்தில் பெயர், அடையாள அட்டை எண், முகவரி என ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் இணைக்கப்படாவிட்டால், திரைவாசிப்பான் ‘வெற்றுக் கட்டம்’, ‘வெற்றுக் கட்டம்’ என்று மட்டுமே கூறிச் செல்லும். எக்கட்டத்தில் எதை எழுதுவது?

எழுத்தும் எழுத்தின் படமும்

தொல்காப்பியம் ‘எழுத்து’ என்னும் சொல்லை ஒலி, வரிவடிவம் ஆகிய இரண்டையும் குறிக்க ஆள்கிறது என்பதை மொழியியல் மாணவர் அறிவர். எழுத்து கண்ணுக்கு உரியது மட்டுமன்று, செவிக்கும் உரியது என்ற தெளிவு நம் மரபில் தொன்மையானது. இணையத்தில் அத்தெளிவைக் காப்பது எழுத்துக் குறியீடாகும். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் உரிய எண் உண்டு. ‘கொ’ என்பது திரையில் கொம்பு, ககரம், கால் என மூன்று உருவாகத் தோன்றினாலும், உள்ளே ககரமும் அதனைத் தொடரும் ஒகரக் குறியுமாகவே நிற்கிறது. நாம் ஒலிக்கும் வரிசையும் அதுவே. ஆகவே திரைவாசிப்பான் அதனைப் பிழையின்றி ஒலிக்க இயலும்.

பழைய எழுத்துருக்களின் நிலை வேறு. அவை ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்தியவை. எடுத்துக்காட்டாக, ‘பாமினி’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தோன்றும் சொல்லின் உள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. கண் அங்கே தமிழைக் காண்கிறது. செவிக்குக் கிடைப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. தேடுபொறியாலும் அப்பக்கத்தில் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கண்டுபிடிக்க இயலாது.

அதனினும் மோசமானது வருடியெடுத்த பக்கம். அச்சுத்தாளை அப்படியே படம் பிடித்து, ‘பிடிஎஃப்’ கோப்பாக்கித் தளத்தில் ஏற்றும் வழக்கம் தமிழ்த் துறைகளில் மிகுதி. ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, பாடத்திட்டம், அரிய நூல் ஆகிய பலவும் இவ்வாறே ஏற்றப்படுகின்றன. ஏற்றியவர் தமிழுக்குத் தொண்டாற்றியதாக மகிழ்கிறார். திரைவாசிப்பானோ அங்கே ஓர் எழுத்தையும் காணாது வெற்றுப் பக்கமென அறிவிக்கிறது. நூறு பக்க நூல் ஒரு சொல்லும் இல்லாத நூலாகிவிடுகிறது.

இவ்வட்டாரம் தமிழ்க் கணிமையில் முன்னோடியானது என்பதை இங்கு நினைக்க வேண்டும். 1995இலேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் இணையத்தில் ஏறியது. 1997இல் தமிழ் இணைய மாநாடு அங்கே கூடியது. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் மாநாடுகள் தொடர்ந்தன. ஒரே குறியீடு வேண்டும், எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தோன்ற வேண்டும் என்பதே அன்றைய உழைப்பின் நோக்கம். அவ்வுழைப்பின் பயன், தமிழைத் திரையில் காண்போர்க்கு ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்துவிட்டது. கேட்போர்க்கும் தொட்டு உணர்வோர்க்கும் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

ஒரே பக்கத்தில் மூன்று மொழி

நம் பல்கலைக்கழகச் சூழலுக்கே உரிய மற்றொரு கூறும் உண்டு. ஒரே அறிவிப்பில் மலாயும் ஆங்கிலமும் தமிழும் அடுத்தடுத்து வருவது இங்கே இயல்பு. கண்ணுடையவர் எழுத்தைப் பார்த்த அளவில் மொழியை மாற்றிக்கொள்வார். மலாயும் ஆங்கிலமும் ஒரே ரோமன் எழுத்தில் அமைந்திருப்பினும் ஒரு சொல்லைக் கண்டதும் இன்ன மொழி என அறிவார். திரைவாசிப்பானுக்கு அதனைச் சொல்ல வேண்டும். பக்கத்தின் உள்ளமைப்பில் ‘இப்பகுதி மலாய்’, ‘இப்பகுதி தமிழ்’ என்று குறிக்கும் வழி உண்டு. அதற்குச் சில எழுத்துகளே போதும். குறிக்காவிட்டால் மலாய்ச் சொற்களை ஆங்கில ஒலிப்பில் சிதைத்துக் கூறும். தமிழ்ப் பகுதியை, அமைப்பைப் பொறுத்து, ஒன்றும் சொல்லாமல் கடந்துவிடவும் கூடும். கேட்பவர்க்கு அங்கே தமிழ் இருந்தது என்பதே தெரியாது. பன்மொழிக் கொள்கையைப் பெருமையுடன் அறிவிக்கும் நிறுவனம் இச்சிறு குறிப்பை விட்டுவிடுவது பொருத்தமன்று.

சொல்லும் முறையும் வாயிலே

இணையத்தளத்தில் எழுதப்படும் உரையும் தடையாகலாம். ‘மேலும் அறிய இங்கே சொடுக்கவும்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பவர், ஒரு பக்கத்தில் பன்னிரண்டு முறை ‘இங்கே’ என்ற சொல்லைக் கேட்பார். எந்த ‘இங்கே’ எதற்கு உரியது? சுட்டுச்சொல் தன் பொருளைச் சூழலிலிருந்து பெறுகிறது என்பது நாம் வகுப்பில் கற்பிக்கும் பாடம். சூழலை நீக்கினால் சுட்டு வெறுமையாகும். ‘முதுகலை விண்ணப்பப் படிவம்’ என்ற தொடரையே இணைப்பாக்கினால் சிக்கல் தீர்ந்தது.

படங்களுக்கு எழுதும் மாற்று உரையும் மொழிப் பயிற்சியே ஆகும். ‘படம் 1’ என்று எழுதினால் பயனில்லை. படம் அவ்விடத்தில் என்ன வேலை செய்கிறதோ அதனைச் சொல்லில் தருதல் வேண்டும். கல்வெட்டுப் படமாயின் அதன் வாசகத்தை எழுத்தாகத் தர வேண்டும். ழகர ஒலியின் அலைப்படமாயின் அதிலிருந்து மாணவர் எதனைக் கண்டறிய வேண்டுமோ அதனைக் கூற வேண்டும். தொடரின் கிளைப்படமாயின் எது எதற்குள் அடங்குகிறது என்பதை வரிசையாக விளக்க வேண்டும். அழகுக்காக வைத்த பூங்கொத்துப் படத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை. திரைவாசிப்பான் அதனைக் கடந்துசெல்லுமாறு குறித்துவிடலாம். இவற்றை நிரலாளர் அறிய மாட்டார். பாடம் நடத்துபவரே அறிவார்.

விரிவுரைக் காணொளிக்கு அடியில் ஓடும் எழுத்துரையும் இத்தகையதே. செவிப்புலன் குன்றியவர்க்காக அமைக்கப்படும் அவ்வரிகள், தமிழை இரண்டாம் மொழியாகப் பயில்வோர்க்கும் பயன்படும். பொறி தானே எழுதித் தரும் வரிகளில் நன்னூலும் நச்சினார்க்கினியரும் உருத்தெரியாமல் போவதுண்டு. ஆசிரியர் ஒருமுறை படித்துத் திருத்துதல் இன்றியமையாதது.

அறிவிப்புகளின் நடையையும் கருத வேண்டும். ஐந்து வினையெச்சங்களை அடுக்கி ஆறாம் வரியில் முற்றுப்பெறும் தொடரை, வாசிப்பில் இடர்ப்படும் மாணவர் கடப்பது கடினம். கட்டணம் செலுத்தும் இறுதி நாள் அத்தொடரின் நடுவே புதைந்திருந்தால் எவரும் இடர்ப்படுவர். ஆய்வுக் கட்டுரைக்கு உரிய நடை வேறு, வழிகாட்டும் பலகைக்கு உரிய நடை வேறு.

விதிகளும் உலக நிகழ்வுகளும்

இவையெல்லாம் தனிமனிதரின் இரக்கத்துக்கு விடப்பட்டவை அல்ல. ஐக்கிய நாடுகள் அவை 2006ஆம் ஆண்டு ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கை, தகவலையும் தொழில்நுட்பத்தையும் அணுகும் உரிமையை 9ஆம் பிரிவிலும் கல்வி உரிமையை 24ஆம் பிரிவிலும் வகுத்துள்ளது. மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் அதனை உறுதிப்படுத்தின. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டமும் தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையைக் குறிப்பிடுகிறது.

தொழில்நுட்ப அளவுகோலும் ஆயத்தமாகவே உள்ளது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் முதல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அவற்றைப் புதுப்பித்தது. அந்நெறிகள் நான்கு தூண்களின் மேல் நிற்கின்றன. உள்ளடக்கம் புலன்களால் உணரத்தக்கதாகவும், பல வழிகளில் இயக்கத்தக்கதாகவும், புரிந்துகொள்ளத்தக்கதாகவும், பலவகைக் கருவிகளில் நிலைத்து இயங்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்திலேனும் இருக்க வேண்டும், எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் சிதையலாகாது, ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னலாகாது என்பன போன்று அளந்து பார்க்கத்தக்க விதிகள் அவற்றில் உள்ளன.

பல்கலைக்கழகங்கள் இவற்றைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க நிகழ்வுகள் சான்று. இலவசப் பாடக் காணொளிகளுக்கு உரிய எழுத்துரை இல்லை என்று அந்நாட்டுச் செவிப்புலன் குன்றியோர் சங்கம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மீதும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீதும் 2015இல் வழக்குத் தொடுத்தது. 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் அவை உடன்பாட்டில் முடிந்தன. காணொளிகளுக்கு எழுத்துரை அமைக்க இரு நிறுவனங்களும் இசைந்தன.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது இன்னும் சிந்தனைக்குரியது. அதன் இலவச விரிவுரைகளை மாற்றுத்திறனாளர் பயன்படுத்த இயலவில்லை என்று 2016இல் அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. அப்பல்கலைக்கழகம் 2017இல் 20,000க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து நீக்கியது. கேட்க இயலாதவர்க்குக் கிடைக்காதது பின்னர் எவர்க்கும் கிடைக்காமற் போயிற்று. பழி கேட்டவர் மேல் சுமத்தப்பட்டது. 2022இல் தன் இணைய உள்ளடக்கத்தைச் சீரமைக்க அப்பல்கலைக்கழகம் உடன்பட்டது. ஒவ்வொரு பதிவையும் வெளியிட்ட நாளிலேயே எழுத்துரை சேர்த்திருந்தால் எந்நாளும் சிறு வேலையாக முடிந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்தபோது அது மலையாகிவிட்டது. நம் தமிழ்த் துறைகள் இன்று வருடி ஏற்றும் கோப்புகளும் அத்தகைய மலையின் அடிக்கற்களே.

மறுப்புகளுக்கு மறுமொழி

‘எங்கள் துறையில் அத்தகைய மாணவர் எவரும் இல்லை’ என்று கூறுவோர் உளர். படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்தின் மாடியில் நின்று, இங்கே சக்கர நாற்காலியில் எவரும் வருவதில்லை என்று கூறுவதை ஒத்தது அது. மேலும், குறைபாட்டை வெளியே சொல்லாத மாணவர் பலர். நிறக்குருடும் வாசிப்புக் குறைபாடும் முகத்தில் எழுதியிருப்பதில்லை.

‘உதவியாளர் ஒருவரை அமர்த்திவிடலாம்’ என்பது மற்றொரு கருத்து. உதவி தேவைப்படும் இடங்கள் உண்டு, அதனை மறுக்கவில்லை. ஆயினும் நள்ளிரவில் ஒரு கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும் என்று தோன்றும் ஆர்வத்துக்கு உதவியாளரின் அலுவல் நேரம் தெரியாது. தானே தேடி, தவறான பக்கத்தில் நுழைந்து, எதிர்பாராத ஒன்றைக் கண்டு மகிழ்வதே உயர்கல்வியின் உயிர். அதனை வேறொருவர் கண்வழியே பெற இயலாது.

‘செலவு மிகும்’ என்பது மூன்றாவது. முடிந்த தளத்தைப் பிரித்துக் கட்டினால் செலவு மிகும் என்பது உண்மையே. தளம் புதுப்பிக்கப்படும்போது ஒப்பந்தத்திலேயே இவ்விதிகளைச் சேர்த்து, பணம் தருமுன் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் ஒருவரைக் கொண்டு சோதித்துப் பார்த்தால் மிகுசெலவு பெரும்பாலும் எழாது.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை

நிருவாகம் செய்யட்டும் என்று காத்திராமல் நாளையே நாம் தொடங்கக்கூடியவை சில உள. குறிப்புகளை ஒருங்குறியில் தட்டச்சிட்டு, மூலக் கோப்பாகவே மாணவர்க்குத் தரலாம். தலைப்புகளை அதற்குரிய பாணியில் குறிக்கலாம். பழைய எழுத்துருவில் உள்ள கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். வருடியெடுத்த அரிய நூல்களைத் தட்டச்சிடுவதையும் மெய்ப்புப் பார்ப்பதையும் மாணவர்க்கு ஒப்படைப்பாகத் தரலாம். அவர்களுக்கு அது பாடவேறுபாடும் எழுத்து வரலாறும் கற்கும் வாய்ப்பாகும். சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகள் தேடத்தக்க, கேட்கத்தக்க கோப்பாக இருத்தல் வேண்டும் என்ற விதியைத் துறைகள் வகுக்கலாம்.

மாணவர்களே, உங்கள் பல்கலைக்கழகத் தளத்தை ஒருநாள் சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையின் ‘டேப்’ விசையை மட்டும் கொண்டு இயக்கிப் பாருங்கள். பின்னர்த் திரைவாசிப்பானை இயக்கிக் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் துறையின் பக்கத்தைக் கேளுங்கள். எங்கே தடுமாறினீர்கள், எங்கே குரல் நின்றது என்பதை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துத் துறைத்தலைவரிடம் கொடுங்கள். அத்தாள் பல சொற்பொழிவுகளுக்கு ஈடாகும்.

ஓலையிலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து திரைக்கும் தமிழ் பெயர்ந்த ஒவ்வொரு முறையும், எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதை அக்காலத்துக் கற்றோரே முடிவு செய்தனர். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த பெரியோர் ஒரு நூலும் விடுபடலாகாது என்று எண்ணினர். இந்தப் பெயர்ச்சியில் ஒரு வாசகரும் விடுபடலாகாது என்று எண்ணுவது நம் தலைமுறையின் பொறுப்பு. பல்கலைக்கழகம் என்னும் பெயர், பல கலைகள் உள்ளே இருப்பதால் மட்டும் நிறைவு பெறாது. அவற்றைக் கற்க வருவோர் அனைவரும் உள்ளே புக இயலும்போதே நிறைவு பெறும்.